பன்னிரண்டு பி நடத்துநரின் அண்ணம்

கொம்பநேரி பேருந்து நிலையத்தில் முப்பத்தோரு வருஷம் ஒலிபெருக்கியில் வண்டி சொன்ன அன்னம், செத்துப் பத்து மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி வாக்கில் தன் புருஷனின் வாய்க்குள்ளிருந்து மறுபடியும் வண்டி சொல்ல ஆரம்பித்தாள். முதலில் சொன்னது களக்காடு வழி நாகர்கோவில் வண்டி. அது சொன்ன நேரத்துக்குச் சரியாக வந்தும் சேர்ந்தது.

அதைக் கேட்ட முதல் ஆள் பல் டாக்டர் ஜெசிந்தா. நிலையத்துக்கு எதிரே மாடியில் அவளுடைய கிளினிக். அன்றைக்குத்தான் அன்னத்தின் புருஷனுடைய கடைசிப் பல்லை, மேல்வரிசையில் தன்னந்தனியாக ஆடிக்கொண்டிருந்த ஒரு கோரைப்பல்லை, அவள் பிடுங்கியிருந்தாள். பஞ்சை எடுத்து ரத்தம் நின்றதா என்று பார்க்க, "நல்லா ஆ காட்டுங்க அண்ணாச்சி" என்றாள். அவர் ஆ காட்டினார். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. ஜெசிந்தா முதலில் ஜன்னலை எட்டிப் பார்த்தாள். பிறகு சின்னக் கண்ணாடியை அவர் வாய்க்குள் விட்டு மேலே பார்த்தாள். அங்கே ஆள் யாரும் இல்லை. இளஞ்சிவப்பாக, வரிவரியாக, குண்டுச்சட்டியைக் கவிழ்த்து வைத்த மாதிரி உயர்ந்து போன ஓர் அண்ணம் மட்டும் இருந்தது. கையைக் கழுவிவிட்டு வந்து நோட்டில் எழுதினாள்: மேல்தாடை, பல் இல்லை. அண்ணம், மிக உயரம். குரல், உண்டு.

நோட்டில் அவர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'பன்னிரண்டு பி' என்றுதான் இருந்தது. அதற்கு ஜெசிந்தாவைக் குறை சொல்லக் கூடாது. சிவனணைஞ்ச பெருமாள் என்ற பெயரை முன்பல் இல்லாத வாயால் அவர் சொன்னபோது அது வெறும் காற்றாகவும் எச்சிலாகவும் வந்து விழுந்தது. கூட வந்தவர்களைக் கேட்டால் அவர்களுக்கும் தெரியவில்லை. பன்னிரண்டு பி வண்டியில் இருபத்தாறு வருஷம் நடத்துநராக இருந்த மனுஷனை ஊரே வண்டி நம்பரால்தான் கூப்பிட்டது. பெண்டாட்டியாவது கூப்பிட்டாளா என்றால், அந்தப் பக்கத்துப் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்வதில்லை. அன்னம் ஊர்ப்பெயர் அத்தனையையும் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவள். ஆனால் மத்தியானம் ஒன்றரைக்குத் தூக்குச்சட்டியைத் திறந்து வைத்துவிட்டு மைக்கில் அவள் சொன்னதெல்லாம், "பன்னிரண்டு பி நடத்துநர் நேரக் காப்பாளர் அறைக்கு உடனே வரவும்" என்பதுதான். சோறு ஆறுகிறது என்று அதற்கு அர்த்தம் என்பது நிலையத்தில் கடலை விற்றவன் வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். அவர் ஓடி வருவார், அவள் தலையை நிமிர்த்தாமல் பரிமாறுவாள், கல்யாணம் ஆன முப்பத்தாறு வருஷத்தில் ஒரு தரம்கூட அந்தப் பெயர் அவள் வாயில் வந்ததில்லை.

ஜெசிந்தாவைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அவளுக்குக் கையும் காலும் சும்மா இருக்காது. ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மெழுகு செதுக்கும் கத்தியை விரலிடுக்கில் உருட்டிக்கொண்டே கிளினிக்கின் நீளத்தை அளந்துகொண்டிருப்பாள். ஒன்பது வருஷத்தில் அவள் அந்த அறையில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. ஆனால் அந்த ஒன்பது வருஷத்தில் அவள் கட்டின பல்செட்டு ஒன்றுகூடத் திரும்பி வந்ததும் இல்லை. வேறு எங்கெங்கோ கட்டி, பேசினால் விழுகிறது, சிரித்தால் விழுகிறது என்று கைக்குட்டையில் முடிந்துகொண்டு வருகிறவர்கள்தான் அவளிடம் வந்தார்கள். செட்டு மாட்டிய பிறகு அவள் வைக்கும் பரீட்சை ஒன்றே ஒன்று: "உங்க பேரச் சொல்லுங்க." பெயர் குழறாமல் வந்தால் பல் அதனதன் இடத்தில் நிற்கிறது என்று அர்த்தம்.

அவருடைய வாயோ லேசில் பிடிபடுகிற வாயில்லை. கீழே ஈறு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் மிச்சமில்லை, மழையில் கரைந்த வரப்பு மாதிரி மேடு தேய்ந்து தரையோடு தரையாகிவிட்டிருந்தது. மேலே மேடு இருந்தது, ஆனால் அழுத்தினால் ஆடியது. எச்சிலும் கம்மி. இப்படிப்பட்ட வாயில் மேல்செட்டு நிற்பதற்கு வழி ஒன்றுதான்: செட்டு அண்ணம் முழுவதையும் ஒட்டிப் படுக்க வேண்டும், இரண்டுக்கும் நடுவே எச்சில் மெல்லிசாகப் பரவ வேண்டும், காற்று நுழைய ஊசிமுனை இடம்கூட இருக்கக் கூடாது.

"பல்லு கட்டிரலாம் அண்ணாச்சி," என்றாள் நடந்துகொண்டே. "ஆனா அண்ணத்த முழுசா மூடணும். அண்ணத்த மூடாமப் பல்லு நிக்காது."

கொம்பநேரியில் அந்த இடத்துக்குப் பெயர் மேல்வாய். அண்ணம் என்பது பள்ளிக்கூடப் புத்தகத்தில் படத்துக்குப் பக்கத்தில் அம்புக்குறி போட்டு எழுதியிருக்கிற வார்த்தை. புத்தகத்தைப் படித்தவர்கள் பரீட்சையோடு மறந்துவிட்டார்கள். இரண்டுசுழி எது, மூன்றுசுழி எது என்று காதுக்கு யார் எழுதிக் காட்டுவது?

"அன்னத்த மூடவா?" என்றார் அவர், பொக்கை வாயால்.

"ஆமா. மூடுனாத்தான் சோறு திங்க முடியும்."

"மூடிட்டா பொறவு பேச்சு?"

"ஒரு வாரம் பத்து நாளு கஷ்டமா இருக்கும். பொறவு பழகிரும்."

"எனக்கா பழகும்?"

"உங்களுக்குத்தான், வேற ஆருக்கு?"

அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். துண்டை எடுத்துத் தோளில் போட்டார். "பழகாது டாக்டரம்மா," என்று சொல்லிவிட்டு, பஞ்சைக் கடித்தபடியே படியிறங்கிப் போய்விட்டார்.

சாயந்திரம் அவர் மகள் பிரம்மசக்தி, பீடி சுற்றுகிற கையோடு, விரலெல்லாம் தூள் மணக்க, படியேறி வந்து வாசலில் நின்றே சண்டையைத் தொடங்கினாள். "எங்கம்மைய மூடணும்னு சொன்னீங்களாம்லா? அவ என்ன, கெணறா?"

"உங்கம்மையா? நான் அண்ணத்தன்னுதான சொன்னேன்."

"அதாஞ் சொல்லுதேன். எங்கம்மை பேரு அன்னம்."

ஜெசிந்தா இரண்டுசுழியையும் மூன்றுசுழியையும் கத்தியால் காற்றில் எழுதிக்கூடக் காட்டினாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது, பிறகு நின்றது. எழுத்தைத் திருத்தினாலும் விஷயம் திருந்தவில்லை. ஒன்றை மூடினால் இன்னொன்றும்தான் மூடிக்கொள்ளும்.

ஊர் இதையெல்லாம் எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், வெயில் வந்தால் குடை பிடிப்பதுபோல எடுத்துக்கொண்டது. அன்னம் போன பிறகு நிலையத்தில் ஒரு பதிவுசெய்த குரலைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். எந்த ஊர்ப் பெண்ணோ, அவள் களக்காட்டைக் கலக்காடு என்றாள், வள்ளியூரை வல்லியூர் என்றாள், நின்றுபோய் இரண்டு வருஷமான ராதாபுரம் வண்டியை நாள் தவறாமல் நடைமேடை இரண்டுக்கு வரவழைத்தாள். அதனால் முதலில் டீக்கடைக்காரர்கள் வந்தார்கள், "அண்ணாச்சி, கொஞ்சம் வாயத் தொறங்க, அம்பை வண்டி எங்க வருதுன்னு கேட்டுக்கிடுதோம்" என்றார்கள். பிறகு பள்ளிக்கூடத்து டீச்சர்மார் வந்தார்கள், பிறகு பூக்கட்டுகிறவர்கள், பிறகு கோர்ட்டுக்குப் போகிறவர்கள். நேரக் காப்பாளர் மாசானம், நடைமேடை மூன்றில் மின்விசிறிக்கு நேர்கீழே ஒரு நாற்காலியைப் போட்டு, அன்னத்தின் பழைய மைக்கைத் துடைத்து, அவர் வாய்க்கு நாலு விரற்கடை தள்ளி நிறுத்திவைத்தார். அன்றையிலிருந்து காலை ஐந்து மணி முதல் ராத்திரி கடைசி வண்டி வரைக்கும் பன்னிரண்டு பி அண்ணாச்சி வாயைத் திறந்துகொண்டு அங்கே உட்கார்ந்திருந்தார், அன்னம் வண்டி சொன்னாள், ஊர் வண்டி ஏறியது.

அன்னத்தின் பேச்சில் ஒரு மாற்றமும் இல்லை. உயிரோடு இருந்தபோது எதை இரண்டு தடவை சொன்னாளோ அதை இப்போதும் இரண்டு தடவை சொன்னாள். எந்த டிரைவர் எந்த வளைவில் வண்டியை ஓரங்கட்டி வடை தின்கிறான் என்பதையும் சேர்த்துச் சொன்னாள், அதனால் டிரைவர்மார் ஒழுங்காக வர ஆரம்பித்தார்கள். மகளைப் பார்க்க வருகிறேன் என்ற மருமகன் இன்னும் வரவில்லையே என்று ஒருத்தி அழுதால், அவன் ஏறிய வண்டி டயர் வெடித்து எங்கே நிற்கிறது என்று சொன்னாள். துபாயில் இருக்கும் மகன் எப்போது வருவான் என்று இன்னொருத்தி கேட்டதற்கு, விமானங்கள் இந்த நிலையத்தின் பொறுப்பில் இல்லை என்று மரியாதையாகச் சொல்லிவிட்டாள். வீட்டுக்குத் தெரியாமல் மதுரைக்குக் கிளம்பிய ஒரு ஜோடியை, பெண்ணின் தாய்மாமன் நடைமேடை ஒன்றில் நிற்பதால் பின்வாசல் வழியாகச் சங்கரன்கோவில் வண்டியைப் பிடிக்கவும் என்று அறிவித்தாள். தாய்மாமனும் அதைக் கேட்டான், ஆனால் அவன் போய்ச் சேருவதற்குள் வண்டி புறப்பட்டுவிட்டது. நாலு பெண்கள் மாலையும் தேங்காயும் கற்பூரமுமாக வந்தபோது, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு, நடைமேடையில் தேங்காய் உடைப்பது தடை செய்யப்பட்டுள்ளது" என்றாள். அவர்கள் தேங்காயை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சட்னி அரைத்தார்கள்.

ஜெசிந்தாவும் கேட்டாள். மறைப்பானேன்? அவளும் தினமும் பாளையங்கோட்டையிலிருந்து வந்துபோகிறவள்தான். ஐந்து நாற்பது வண்டி எங்கே வருகிறது என்று தெரிந்துகொண்டு, அதற்கேற்ப ஒரு வாயை முடித்துவிட்டு ஓடுகிறவள்தான். ஓடும்போது நாற்காலியில் இருக்கிற மனுஷனின் கன்னம் நாளுக்கு நாள் உள்ளே போவதைப் பார்ப்பாள், பார்த்ததைப் பார்க்காத மாதிரி வண்டியில் ஏறிவிடுவாள், ஏறின பிறகு வழியெல்லாம் நாக்கால் தன் அண்ணத்தைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு வருவாள். அவருக்கு வாய் மூடினால் அன்னத்தின் வாயைப் பொத்துவதுபோல இருந்தது. கஞ்சியைக்கூட அவசர அவசரமாக விழுங்கினார், அதற்குள், "அண்ணாச்சி, வாயி" என்று ஒரு குரல் வந்துவிடும். ஊர் அவர் வாயைப் பார்த்தது, வயிற்றைப் பார்க்கவில்லை. ஐம்பத்தெட்டுக் கிலோ இருந்தவர் நாற்பத்தொன்றுக்கு வந்துவிட்டார்.

ஜெசிந்தா மூன்று செட்டு செய்தாள். மூன்றும் அண்ணத்தை மூடாமல், லாடம் மாதிரி, ஈற்றை மட்டும் பிடிக்கிற செட்டு. நிற்காது என்று தெரிந்துதான் செய்தாள். முதல் செட்டு முதல் வாய் டீயிலேயே கிளாசுக்குள் விழுந்தது. இரண்டாவது அரைமணி நேரம் நின்றது, அவர் பாளையங்கோட்டை என்று ஒரு வார்த்தை சொன்னதும் 'பா'வோடு சேர்ந்து பறந்துபோய் மாசானத்தின் சட்டைப்பையில் மோதியது. மூன்றாவதைப் பசை போட்டு ஒட்டினாள். அது ஒரு தோசையைத் தாங்கியது, பிறகு பக்கவாட்டில் வழுக்கி ஈற்றை அறுத்துவிட்டது. பிரம்மசக்தி அதைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வந்து மேஜைமேல் வைத்தபோது ஜெசிந்தாவுக்கு அவமானத்தில் காது சுட்டது. அன்றைக்கு அவள் படியை இறங்கி ஏறினது பதினோரு தடவை, எதற்கு என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

மாசானம் ஒருநாள் மேலே வந்து நயமாகப் பேசிப் பார்த்தார். "டாக்டரம்மா, முன்னால அழகுக்கு ஒரு நாலு பல்ல வச்சு விட்ருங்க. மேல மட்டும் மூடிராதீங்க. ஊரு தவிச்சுப் போவும்."

"பல்லு அழகுக்கு இல்ல அண்ணாச்சி, திங்கதுக்கு."

"கஞ்சி குடிச்சி உசுரோட இருக்கவன் ஊருல எத்தன பேரு இருக்கான்!"

"அவங்க பக்கத்துல எல்லாம் மைக்கு இல்லையே," என்றாள் ஜெசிந்தா. சொன்ன பிறகு தானும் அந்த மைக்கைக் கேட்கிறவள் என்பது ஞாபகம் வந்து, மாசானத்தின் முகத்தைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பங்குனி வெயிலில் ஒரு நாள் மத்தியானம் ஒன்றரைக்கு அவர் நாற்காலியோடு சரிந்து விழுந்தார். மைக்கும் கூடவே விழுந்தது. விழுந்த இடத்திலும் வாய் திறந்துதான் இருந்தது. நிலையத்தின் எட்டு ஒலிபெருக்கியிலும் அன்னத்தின் குரல், ஒரு ஏற்ற இறக்கமும் இல்லாமல், வழக்கம்போலக் கேட்டது: "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. பன்னிரண்டு பி நடத்துநர் மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. பன்னிரண்டு பி நடத்துநர் மூன்று நாளாகச் சாப்பிடவில்லை."

இரண்டு தடவை சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டாள். ஒரு வண்டியும் புறப்படவில்லை. தண்ணீர் தெளிக்க ஓடி வந்த ஜெசிந்தாவுக்கு முன்னால் பிரம்மசக்தி வந்து சேர்ந்துவிட்டாள், அப்பனின் தலையை மடியில் போட்டுக்கொண்டு அத்தனை பேரையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். "எங்கம்மைய ஒரு தடவ தூக்கிக் குடுத்துட்டேன். அவ குரலக் கேக்க எனக்கும் ஆசதான், ராவும் பகலும் ஆசதான். அதுக்காவ எங்கப்பனத் தின்னுட்டா கேக்கணும்?" என்றாள்.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றி அனுப்பினார்கள். மூன்றாம் நாள் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு அவர் கிளினிக் படியேறி வந்தார். "அளவு வேணும்னா எடுத்துக்கிடுங்க. கட்ட மாட்டேன்," என்று முதலிலேயே சொல்லிவிட்டார். மகளுக்காக வந்திருக்கிறார் என்பது தெரிந்தது.

ஜெசிந்தா அளவு எடுக்கும் தட்டில் பசையைக் குழைத்து நிரப்பி, மேலண்ணத்தோடு சேர்த்து அழுத்திப் பிடித்தாள். கன்னத்தை இழுத்துவிட்டாள், எச்சிலை விழுங்கச் சொன்னாள், ஆ சொல்லச் சொன்னாள். பசை இறுகுவதற்கு ஐந்து நிமிஷம். அந்த ஐந்து நிமிஷமும் அன்னம் பேசவில்லை. நிலையத்தில் வண்டிகளின் ஹாரன் கேட்டது, கடலைக்காரனின் கூவல் கேட்டது, ஏழு மாதமாகக் கேட்டுப் பழகின குரல் மட்டும் கேட்கவில்லை. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போயிற்று. பிரம்மசக்தி துடைத்துவிட்டாள், பிறகு தன் கண்ணையும் துடைத்துக்கொண்டாள். தட்டை வெளியே எடுத்ததும், அம்பை வண்டி இரண்டு நிமிஷம் தாமதம் என்று அன்னம் ஒன்றுமே நடக்காதமாதிரி சொன்னாள்.

"அஞ்சு நிமிசத்துக்கே மூச்சு முட்டுதே," என்றார் அவர். "சாவுத வரைக்கும் எப்பிடிம்மா இருப்பேன்?"

ஜெசிந்தாவுக்கு அன்றைக்கு மனசே சரியில்லை, தட்டைக் குழாயடியில் காட்டிக்கொண்டே எரிச்சலோடு சொன்னாள்: "சாவுத வரைக்கும் என்னத்துக்கு? ராத்திரி எப்பிடியும் கழத்தித் தண்ணியில போட்டுத்தான ஆவணும்? போட்டுக்கிட்டே தூங்குனா ஈறு புண்ணாப் போவும்."

"கழத்தலாமா?"

"கழத்தாம?"

"பல்லு கட்டணும்னுதான நீங்க சொன்னிய?" அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "கட்டுனத ஆராது கழத்துவாவளா?"

ஜெசிந்தா குழாயை மூடினாள். ஊரில் எல்லாரும் பல் கட்டுவது என்றுதான் சொல்வார்கள், அவளும் ஒன்பது வருஷமாக அப்படித்தான் சொல்கிறாள். சிவனணைஞ்ச பெருமாள் தன் வாழ்நாளில் கட்டினது ஒரே ஒரு தாலி. அது முப்பத்தாறு வருஷம் கழித்து அன்னத்தைக் கிடத்தின பிறகுதான் கழன்றது. கட்டுவது என்றால் அவருக்கு அதுதான் அர்த்தம். தினமும் ராத்திரி கழற்ற வேண்டும் என்பதை அவள் எல்லாரிடமும் சொல்லுவாள், ஆனால் செட்டை மாட்டி, பெயரைச் சொல்லச் சொல்லிக் கேட்டு, கடைசியில் ஆள் படியிறங்கும்போதுதான் சொல்லுவாள். எட்டு விதிகள் அச்சடித்த ஒரு மஞ்சள் தாள் இருக்கிறது. அதில் மூன்றாவது விதி அதுதான். ஒரு மனுஷன் பட்டினியில் வற்றிக்கொண்டிருந்த ஏழு மாதமும் அந்தத் தாள் மேஜை டிராயரில் சும்மா கிடந்தது.

ஜெசிந்தா மெழுகுக்கத்தியை மேஜையில் வைத்தாள். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அதில் உட்கார்ந்தாள். "எந் தப்புதான் அண்ணாச்சி," என்றாள். "மொத நாளே சொல்லியிருக்கணும்."

அவருக்கு அவள்மேல் கோபம் வரவில்லை, புதிதாக ஒரு கவலைதான் வந்தது. "கடைசி வண்டி ஒம்பது இருவதுக்குப் போயிருமே. பொறவு காலைல அஞ்சு மணி வரைக்கும் ஒரு வண்டியும் கெடயாது. ராத்திரி கழத்துனா அவ என்னத்தச் சொல்லுவா? இத்தன நாளும் கடைசி வண்டி போனதும் நான் அசந்து தூங்கிருவேன். வண்டி இல்லன்னா அவளுக்குப் பேசத் தெரியாதே."

மஞ்சள் தாளில் அதற்கு விதி எதுவும் இல்லை. பிரம்மசக்தி ஏதோ சொல்ல வாயெடுத்தாள், அதற்குள் அவர் திறந்த வாய்க்குள்ளிருந்து குரல் வந்தது. "பன்னிரண்டு பி நடத்துநர் நேரக் காப்பாளர் அறைக்கு உடனே வரவும். பன்னிரண்டு பி நடத்துநர் நேரக் காப்பாளர் அறைக்கு உடனே வரவும்."

சோறு ஆறுகிறது. பிரம்மசக்தி சுவரில் சாய்ந்துகொண்டு அழவும் சிரிக்கவும் செய்தாள். "செய்ங்க," என்றார் அவர்.

செட்டு தயாராகப் பத்து நாள் ஆயிற்று. மாட்டுகிற அன்றைக்குக் கிளினிக் படியில் ஆள் நிற்க இடமில்லை. மாசானம் மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டே வந்துவிட்டார், எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அன்னம் திசையன்விளை வண்டியைச் சொல்லி முடிக்கும்வரை ஜெசிந்தா காத்திருந்தாள். பிறகு கீழ்ச்செட்டை வைத்து, மேல்செட்டை நனைத்து, உயரத் தூக்கி, நடுவிரலால் ஒரு அழுத்து அழுத்தினாள். காற்று வெளியே போன மெல்லிய சத்தம் கேட்டது. இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. ஆட்டிப் பார்த்தாள், அசையவில்லை. அந்த வாயில் அது நிற்கிறது என்பதை அவள் விரல் நம்புவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"பேரச் சொல்லுங்க அண்ணாச்சி."

"ஷிவனழஞ்ஷ பெடுமாழ்," என்றார் அவர்.

"பத்து நாள்ல சரியாப் போவும். நாளைக்கு வாங்க, எங்கயும் குத்துதான்னு பாக்கணும்." இந்தத் தடவை மஞ்சள் தாளை அவர் கையில் கொடுத்து, மூன்றாவது விதியை மூன்று தடவை படித்துக் காட்டினாள்.

பிரம்மசக்தி தூக்குச்சட்டியைத் திறந்தாள். சோறு, சாம்பார், சிறுகிழங்குப் பொரியல். அவர் ஒரு கவளத்தை வாயில் வைத்து, மூடி, மென்றார். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மென்றார், அவசரமே படவில்லை. படியில் நின்றவர்கள் ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள். அன்றைக்குச் சாயந்திரம் கொம்பநேரியில் முக்கால்வாசிப் பேர் வண்டியைத் தவறவிட்டார்கள், பதிவுக்குரல் ராதாபுரம் வண்டியை நடைமேடை இரண்டுக்கு வரவழைத்துக்கொண்டிருந்தது. ஐந்து நாற்பதைக் கோட்டைவிட்ட ஜெசிந்தா ஆறு இருபத்தைந்து வரைக்கும் நடைமேடையில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தாள். அன்று ராத்திரி அவள் வீட்டில் யாரையும் தூங்கவிடவில்லை. வண்டியே இல்லாத ராத்திரியில் செட்டைக் கழற்றி வைத்துவிட்டு அவர் வாயைத் திறக்கும்போது உள்ளே ஒன்றும் இல்லாமல் போனால்? தான் மூடினது நிரந்தரமாக மூடிக்கொண்டால்? ஏற்கெனவே ஒருமுறை செத்தவளைத் தான் மறுபடி ஒருமுறை கொன்றதாக ஆகாதா? எழுந்து தண்ணீர் குடித்தாள், படுத்தாள், மறுபடி எழுந்தாள்.

காலையில் அவள் வரும்போது கிளினிக் வாசலில் ஒரு கூட்டம் நின்றது. நடுவில் பன்னிரண்டு பி அண்ணாச்சி நின்றுகொண்டு, ஒரு கூம்புப் பொட்டலத்திலிருந்து வறுத்த கடலையை ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தார். "அண்ணாச்சி, ராத்திரி மைனி பேசுனாவளா?", "என்ன சொன்னாவ?", "இனும வண்டி சொல்ல மாட்டாவளா?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். மாசானம் கையைப் பிடித்துக் கேட்டார். ஏழு மாதம் ஊருக்கே திறந்து கிடந்த அந்த மனுஷன் யாருக்கும் வாயைத் திறக்கவில்லை. கடலை நொறுங்குகிற சத்தம் மட்டும் கேட்டது.

மேலே நாற்காலியில் சாய்த்து ஜெசிந்தா பார்த்தாள். கீழே இடதுபக்கம் ஒரே ஒரு இடம் சிவந்திருந்தது, செட்டில் அந்த இடத்தை ராவிவிட்டாள். கேட்கக் கூடாது என்று இருந்தாள். கேட்க வேண்டும் என்றும் இருந்தது. கடைசியில் தன் வழக்கமான பரீட்சைக்கே வந்து சேர்ந்தாள்.

"பேரச் சொல்லுங்க."

"சிவனணைஞ்ச பெருமாள்."

சகரமும் ணகரமும் ஞகரமும் ளகரமும் அதனதன் இடத்தில் வந்தன. ஒரு எழுத்து குழறவில்லை. பத்து நாளில் வரவேண்டியது ஒரே ராத்திரியில் வந்திருந்தது. ஜெசிந்தாவுக்கு வேறு சந்தேகம் வந்துவிட்டது.

"ராத்திரி செட்டக் கழத்தாமச் சொல்லிச் சொல்லிப் பழகுனீங்களா அண்ணாச்சி? அவ்வளவு தூரம் படிச்சுக் காட்டுனேனே!"

"கழத்தித் தண்ணியிலதாம்மா போட்டிருந்தேன்," என்றார் அவர். "எம் பேர நான் ஒரு தடவகூடச் சொல்லல." அவர் ஜன்னல் பக்கம், கீழே நின்றுகொண்டிருக்கும் ஊர்ப்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "கடைசி வண்டி போன பொறவு கேக்க ஒரு ஆளும் இல்லலா. அவதான் விடிய விடியச் சொல்லிக்கிட்டே கெடந்தா."